பீளமேட்டில் இறங்கும் ஏ.ஐ. விமானம் ஏன் காணாமல் போகிறது: சிமுலேட்டரில் பார்க்கிங்கும் டிராஃபிக்கும் அமைக்கும் முழு வழிகாட்டி

கோவை விமான நிலையத்தில் ஓர் ஏ.ஐ. இண்டிகோ, அதாவது சிமுலேட்டரே ஓட்டும் விமானம், அழகாக இறங்குகிறது, வேகம் குறைகிறது, ரன்வேயையும் நிற்கும் இடத்தையும் இணைக்கும் பாதையான டாக்சிவேக்குத் திரும்புகிறது. அடுத்த நொடி ஆளைக் காணோம். புதிதாக வருபவர்கள் உடனே ஃப்ளைட் பிளானைப் பிரித்துப் போட்டு மணிக்கணக்கில் நோண்டுவார்கள். பிளானில் பிழையே இருக்காது. அந்த விமானத்துக்கு நிற்க இடமில்லை. இடம் கிடைக்காத விமானத்தைச் சிமுலேட்டர் (இனி சிம்) அழித்துவிடும்.

அதனால் இந்த வேலையின் வரிசை இதுதான்: முதலில் பார்க்கிங், அடுத்து டாக்சிவே, பிறகு விமான மாடல், கடைசியில்தான் கால அட்டவணை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கீழே உள்ள படிகள் எஃப்.எஸ்.எக்ஸ். (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்), பி3டி (பிரிப்பேர்3டி) என்ற இரண்டு சிமுலேட்டர்களுக்கும் எழுதப்பட்டவை. புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு மாறுபவற்றைத் தனியாகச் சொல்லியிருக்கிறது. கோட்களையும் ஃபைல் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருந்தாலும், உள்ளே இடும்போது ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.

1. உட்காருவதற்கு முன் கையில் வேண்டியவை

நிலையத்தை வரைய ஏர்போர்ட் டிசைன் எடிட்டர் (இனி ஏ.டி.இ.), அட்டவணையை ஃபைலாக்க ஏ.ஐ. ஃப்ளைட் பிளானர், சாதாரண நோட்பேட். மென்பொருளில் இந்த மூன்றும் போதும்.

நீங்கள் அமைக்கப்போகும் நிலையத்தின் செயற்கைக்கோள் படம் ஒன்று. ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் தளம்) எவ்வளவு அகலம், ஹோல்டிங் கோடு (ரன்வேக்குள் நுழையும் முன் விமானம் காத்திருக்கும் கோடு) எங்கே, எத்தனை விமானம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க இது வேண்டும்.

ஒரு தாள். அதில் இரண்டு பத்தி போடுங்கள்: வரும் நேரம், போகும் நேரம். கால் மணிக்கு ஒருமுறை தரையில் எத்தனை விமானம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே வந்தால் அதிகபட்ச எண் ஒன்று கிடைக்கும். அதனுடன் இரண்டைக் கூட்டுங்கள். ஒன்று தாமதமாகக் கிளம்பும் விமானத்துக்கு, ஒன்று உங்களுக்கு. உங்கள் நிலையத்துக்கு வேண்டிய பார்க்கிங் எண்ணிக்கை அதுதான். இரவு தங்கும் விமானங்களை எண்ண மறப்பவர்கள் பலர். காலை ஐந்து மணிக்கு முன்பே நான்கு இடம் நிரம்பியிருந்தால் கணக்கு அங்கேயே உதைக்கும்.

2. பழையதை அப்புறப்படுத்துங்கள்

எஃப்.எஸ்.எக்ஸ்.-இல் சீனரி ஃபோல்டருக்குள் வேர்ல்ட், அதற்குள் சீனரி என்று போனால் டிராஃபிக்ஏர்கிராஃப்ட் டாட் பி.ஜி.எல். (பி.ஜி.எல். என்பது சிம் படிக்கும் ஃபைல் வகை) என்ற ஃபைல் இருக்கும். சிம்முடன் வரும் கற்பனை நிறுவனங்களின் விமானங்கள் இதிலிருந்துதான் வருகின்றன. அழிக்க வேண்டாம். கடைசியிலுள்ள பி.ஜி.எல். என்பதை ஆஃப் என்று மாற்றினால் போதும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் இண்டிகோவுக்கு வரைந்த இடத்தில் பெயர் தெரியாத ஒரு விமானம் வந்து நிற்கும்.

அடுத்தது, எஃப்.எஸ். 2004 காலத்து வடிவில் இருக்கும் டிராஃபிக் ஃபைல். அப்படி ஒன்று எந்த மூலையில் கிடந்தாலும் எஃப்.எஸ்.எக்ஸ். வடிவில் உள்ள எல்லா டிராஃபிக்கும் நின்றுவிடும். ‘நேற்று வரை ஓடியது, இன்று ஒரு விமானம்கூட இல்லை’ என்பவர்கள் நேற்று இரவு இறக்கி வைத்த பழைய தொகுப்பைத் தேடட்டும். ஏ.ஐ. ஃப்ளைட் பிளானரே அதை எஃப்.எஸ்.எக்ஸ். வடிவுக்கு மாற்றித் தரும்.

மூன்றாவது, ஒரே நிலையத்துக்கு இரண்டு ஏர்போர்ட் ஃபைல். கோவை நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீடான வி.ஓ.சி.பி. (VOCB) என்ற பெயரில் ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடுங்கள். பெயரில் அந்த எழுத்துகள் இல்லாத ஃபைலும் இருக்கலாம், அதனால் வாங்கிய சீனரி ஃபோல்டர்களையும் திறந்து பாருங்கள். இரண்டு இருந்தால் ஒன்றின் கட்டடமும் மற்றதன் பார்க்கிங்கும் கலந்துவிடும். புல்தரையில் நிற்கும் விமானம், டெர்மினல் சுவருக்குள் மூக்கை நுழைத்த விமானம் எல்லாம் இதனால்தான்.

3. பார்க்கிங் வட்டம்: எல்லாப் பிழைக்கும் தாய்

ஏ.டி.இ.-யில் ஒவ்வொரு பார்க்கிங்கும் ஒரு வட்டம். அதன் ஆரம் மீட்டரில் இருக்கும். விமானத்தின் பாதி இறக்கை அகலத்தைவிட ஆரம் கூடுதலாக இருந்தால்தான் சிம் அந்த இடத்தைக் கொடுக்கும். பத்து சென்டிமீட்டர் குறைந்தாலும் கொடுக்காது.

கோவைக்கும் சுற்று வட்டாரத்துக்கும் வேண்டிய அளவுகள் இவை. ஏ.டி.ஆர். 72-க்கு இறக்கை 27.05 மீட்டர், பாதி 13.5, எனவே ஆரம் 14. ஏ320 நியோ, ஏ321 நியோ, விங்லெட் வைத்த 737-800 மூன்றுக்கும் இறக்கை 35.8 மீட்டர், பாதி 17.9, எனவே ஆரம் 18.5. செஸ்னா 172-க்கு 6 போதும். சூலூர் விமானப்படைத் தளத்தையும் உயிர்ப்பிக்க நினைத்தால் தேஜஸுக்கு 5, ஏ.என்.-32-க்கு 15.

இங்கே ஒரு பொறி. ஏ320-க்கு 18 போட்டால் கணக்குப்படி சரி. ஆனால் சில மாடல்களை உருவாக்கியவர் இறக்கையைச் சற்றுப் பெரிதாக வரைந்திருப்பார். அரை மீட்டர் கூட்டி வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. அப்படியும் ஒரு மாடல் மட்டும் நிற்க மறுத்தால் ஒரே ஒரு இடத்தை 21 ஆக்கிச் சோதியுங்கள். அப்போது நின்றுவிட்டால் சிக்கல் மாடலின் அளவில் இருக்கிறது.

அதற்காக எல்லா வட்டத்தையும் 30 ஆக்குபவர்களும் உண்டு. அது வேறு வம்பு. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் மினி பஸ் ஒன்று, பெரிய பஸ் நிற்கும் இடத்தில் குறுக்கே நின்றுகொண்டால் பின்னால் வருவது எங்கே போகும்? ஏ.டி.ஆர். வந்து பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பத்து நிமிடம் கழித்து வரும் ஏ320 இடமில்லாமல் மறையும். வட்டம் எந்த விமானத்துக்கோ அந்த அளவில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று: இரண்டு வட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் சிம் கண்டுகொள்ளாது. ஒவ்வோர் இடத்தையும் அது தனியாகத்தான் பார்க்கும். இரண்டிலும் விமானம் வந்து இறக்கையோடு இறக்கை பின்னி நிற்கும். ஏ.டி.இ. திரையில் வட்டங்கள் தொடாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். 18.5 ஆரமுள்ள இரண்டு இடங்களின் மையங்களுக்கு நடுவே குறைந்தது 37 மீட்டர் வேண்டும்.

4. வகையும் கோடும்

ஏரோபிரிட்ஜ் உள்ள இடம் கேட், திறந்தவெளி ரேம்ப், சரக்குக்கு கார்கோ, படைக்கு மிலிட்டரி வகைகள். பார்க்கிங்குக்கு நீங்கள் கொடுக்கும் வகையும் விமானத்தின் கான்ஃபிக் ஃபைலில் (ஏர்கிராஃப்ட் டாட் சி.எஃப்.ஜி.) உள்ள ஏ.டி.சி. பார்க்கிங் டைப்ஸ் வரியும் ஒத்துப்போக வேண்டும். ஏரோபிரிட்ஜ் இல்லாத இடத்தையும் கேட் என்று குறிக்கலாம், தப்பில்லை. பயணி விமானம் நிற்க வேண்டிய இடத்தை ஜெனரல் ஏவியேஷன் (சிறு தனியார் விமானங்களுக்கான) ரேம்ப் என்று விட்டுவிட்டு, ஏன் செஸ்னா வந்து நிற்கிறது என்று கேட்பதுதான் தப்பு.

கோட் என்பது நிறுவனத்தின் மூன்றெழுத்து. இண்டிகோவுக்கு ஐஜிஓ, ஏர் இந்தியாவுக்கு ஏஐசி, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு ஏஎக்ஸ்பி (AXB), ஏர் அரேபியாவுக்கு ஏபிஒய் (ABY), அலையன்ஸ் ஏருக்கு எல்எல்ஆர். ஓர் இடத்தில் பல கோட்களைக் காற்புள்ளி இட்டுக் கொடுக்கலாம், நடுவில் இடைவெளி வேண்டாம்.

கோட் என்பது பூட்டு அல்ல, முன்னுரிமை மட்டும்தான். கோட் போட்டுவிட்டால் வேறு யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். வேறெங்கும் இடமில்லையென்றால் கோட் பொருந்தாத விமானமும் வந்து நிற்கும். எனவே கோட் இல்லாத பொது இடம் இரண்டு மூன்றாவது விட்டு வையுங்கள்.

இண்டிகோ போல ஒரே கோட்டில் ஏ.டி.ஆரும் ஏ320-ம் ஓட்டும் நிறுவனத்துக்கு ஒரு சின்ன உத்தி உண்டு. கோட் மூன்று அல்லது நான்கு எழுத்து வரை இருக்கலாம். ஏ.டி.ஆர். லிவரிக்கு (நிறுவன வண்ணம் பூசிய வடிவத்துக்கு) மட்டும் ஐஜிஓஏ என்று நான்கெழுத்து கொடுத்து, 14 ஆரமுள்ள இடங்களிலும் அதையே எழுதுங்கள். ஏ320-க்கு வழக்கமான ஐஜிஓ. இரண்டும் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

5. டாக்சிவே இணைப்பு

பார்க்கிங்கை வரைந்துவிட்டு டாக்சிவேயோடு இணைக்காமல் விட்டால், விமானம் அங்கே தோன்றும், ஆனால் நகராது. ஏ.டி.இ.-யில் ஃபால்ட் ஃபைண்டர் என்ற கருவி இருக்கிறது. இணைப்பில்லாத புள்ளிகளை அது பட்டியலிட்டுவிடும். பி.ஜி.எல். ஆக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஓட்டிவிடுங்கள்.

ஹோல்ட் ஷார்ட் புள்ளியைப் படத்தில் தெரியும் ஹோல்டிங் கோட்டின் மேலேயே வையுங்கள். ரன்வேக்கு மிக அருகில் வைத்தால், அங்கே காத்திருக்கும் விமானத்தை ரன்வேயிலேயே நிற்பதாகச் சிம் எடுத்துக்கொள்ளும். வருவதெல்லாம் இறங்காமல் மேலெழுந்து சுற்றிப் போகத் தொடங்கும். வைக்கவே மறந்தால் நேராக ரன்வேக்குள் நுழையும்.

சேலம் மாதிரி, காமலாபுரத்து ரன்வே நுனி வரைக்கும் பக்க டாக்சிவே இல்லாத நிலையங்களில் விமானம் ரன்வேயிலேயே நடந்து நுனிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு ரன்வேயின் மையக்கோட்டில் ரன்வே வகையில் பாதை வரைந்து இரண்டு நுனிக்கும் இணைக்க வேண்டும். சுமார் 1,800 மீட்டரை ஏ.ஐ. விமானம் ஊர்ந்து கடக்கச் சில நிமிடம் ஆகும். அதனால் அங்கே இரண்டு விமானங்களுக்கு நடுவே இருபது நிமிடமாவது இடைவெளி விட்டுத்தான் அட்டவணை போட வேண்டும்.

6. விமான மாடல்

சிம்ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டரில் ஏர்பிளேன்ஸ் உள்ளே மாடலை வையுங்கள். அதன் ஏர்கிராஃப்ட் டாட் சி.எஃப்.ஜி. ஃபைலை நோட்பேடில் திறந்து ஐந்து வரிகளைப் பாருங்கள்.

ஃப்ளைட்சிம் எண் 0, 1, 2 என்று வரிசையாக வர வேண்டும். நடுவில் ஒன்றை நீக்கிவிட்டு 0, 1, 3 என்று விட்டால் 3-இலிருந்து எந்த லிவரியும் வராது. லிவரி சேர்க்கும்போது பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

டைட்டில் வரி தனித்ததாக இருக்க வேண்டும். அட்டவணையிலும் எழுத்து பிசகாமல் அதுவேதான் வர வேண்டும். கடைசியில் ஒரு ஸ்பேஸ் கூடியிருந்தாலும் பொருந்தாது. கையால் அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

பார்க்கிங் டைப்ஸில் கேட், ரேம்ப் என்று இரண்டையும் கொடுங்கள். முதலில் எழுதியதை முதலில் தேடும். பார்க்கிங் கோட்ஸில் நான்காம் படியில் தீர்மானித்த கோட்.

ஏ.டி.சி. ஏர்லைன் வரியில் அழைப்புப் பெயர் வரும். இண்டிகோவுக்கு ஐஃப்ளை, ஏர் அரேபியாவுக்கு அரேபியா. சிம்மின் குரல் தொகுப்பில் அந்தப் பெயர் இல்லையென்றால் கட்டுப்பாட்டாளர் பதிவெண்ணை எழுத்து எழுத்தாகச் சொல்வார். குரல் தொகுப்பை விரிவாக்கும் கருவிகள் உண்டு. ஆனால் அது கடைசியில் செய்யும் அலங்காரம், இப்போது தேவையில்லை.

பி3டி நான்காம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ வைத்திருந்தால் எஃப்.எஸ். 2004 காலத்து மாடல்களைத் தொடாதீர்கள். எஃப்.எஸ்.எக்ஸ். வடிவுக்கு மாற்றப்பட்டதைத் தேடி எடுங்கள்.

7. கால அட்டவணை: ஐந்தரை மணி நேரச் சிக்கல்

டிராஃபிக் ஃபைலில் உள்ள நேரம் எல்லாம் உலகப் பொது நேரம், அதாவது யு.டி.சி. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். கிழமையும் மாறும் என்பதுதான் மறந்துபோகும். திங்கள் காலை 5.00 மணிக்குக் கோவையில் கிளம்பும் விமானம், ஃபைலில் ஞாயிறு 23.30. ஃபைலில் ஞாயிறு 0, திங்கள் 1, சனி 6. எனவே எழுத வேண்டியது 1/05:00 அல்ல, 0/23:30. காலை 5.30-க்கு முன் கிளம்பும் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு உண்டு. நம் ஊரிலிருந்து விடியற்காலையில் கிளம்புபவை அதிகம் என்பதால் அடிபடுவதும் நாம்தான்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரி. வரிசையாக: விமான எண் (விமானப் பட்டியலில் அந்த டைட்டிலுக்குக் கொடுத்த எண்), பதிவெண், சதவீதம், சுற்று (வாரம் அல்லது 24 மணி), ஐ.எஃப்.ஆர். (கருவி விதிப்படி பறத்தல்), புறப்படும் நேரம், சேரும் நேரம், உயரம், அழைக்கும் முறை, ஃப்ளைட் எண், சேரும் நிலையம். அடுத்த பயணம் இருந்தால் புறப்படும் நேரத்திலிருந்து மறுபடியும்.

கவனியுங்கள், புறப்படும் நிலையத்தை எங்கேயும் எழுதுவதில்லை. வரியின் கடைசி நிலையம் எதுவோ, அங்கிருந்துதான் முதல் பயணம் தொடங்கும். எனவே வரி ஒரு வளையமாக மூடியிருக்க வேண்டும். கோவையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கோவை என்று இரண்டு பயணம் எழுதினால் கடைசியில் வி.ஓ.சி.பி. வரும். வளையம் மூடிவிட்டது.

பயிற்சிக்கு ஒரு கற்பனை வரி: நம் நேரம் காலை 6.30-க்குக் கோவையில் கிளம்பி 7.40-க்குச் சென்னை. அங்கே 8.20-க்குக் கிளம்பி 9.30-க்குக் கோவை. ஃபைலில் 01:00, 02:10, 02:50, 04:00. தினமும் ஒரே மாதிரி என்பதால் சுற்றுக்கு 24 மணி போதும். உயரம் (நூறு அடிக் கணக்கில்) சென்னை போகும்போது 330, திரும்பும்போது 340. கிழக்கே போவது ஒற்றைப்படை, மேற்கே வருவது இரட்டைப்படை. ஏ.டி.ஆராக இருந்தால் 170, 180. அழைக்கும் முறையில் எஃப் என்றால் ஃப்ளைட் எண்ணைச் சொல்வார்கள், ஆர் என்றால் பதிவெண்.

தரையில் நிற்கும் நேரத்தை நாற்பது நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். ஏ.ஐ. விமானம் தாமதமாக வந்து சேர்ந்தால் அடுத்த பயணத்தைத் தவறவிட்டு நின்றுவிடும். நிஜத்தில் இருபத்தைந்து நிமிடத்தில் திருப்பி அனுப்புகிறார்களே என்று கேட்டால், அங்கே அவசரப்படுத்த ஆள் இருக்கிறார்.

சதவீதம் என்பது, சிம்மின் அமைப்புகளில் டிராஃபிக்கைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர் எந்த அளவில் இருக்கும்போது இந்த விமானம் வர வேண்டும் என்பது. 60 என்று எழுதினால் ஸ்லைடர் 60-க்குக் கீழே இருக்கும் வரை வராது. சோதனை முடியும்வரை எல்லாவற்றுக்கும் 1 போட்டு வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஏ.ஐ. ஃப்ளைட் பிளானரில் பி.ஜி.எல். ஆக்கி, செயலில் உள்ள ஒரு சீனரி ஃபோல்டரில் வைத்து, சிம்மை மூடித் திறங்கள்.

8. சோதனை

முதல் தடவை ஒரே ஒரு விமானத்தை வைத்துச் சோதியுங்கள். இருபது வரி எழுதிவிட்டுச் சோதித்தால் எது கெட்டது என்று தெரியாது.

கட்டுப்பாட்டுக் கோபுரப் பார்வையில் நிலையத்தில் நின்று, விமானம் கிளம்பும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகக் கடிகாரத்தை வையுங்கள். நேரத்தை மாற்றியதும் டிராஃபிக் முழுவதும் மறுபடி ஏறும், சில நிமிடம் பொறுங்கள். சிம்முக்கான மேம்பாட்டுக் கருவித் தொகுப்பான எஸ்.டி.கே.-யில் வரும் டிராஃபிக் எக்ஸ்புளோரரைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு விமானமும் தூங்குகிறதா, நகர்கிறதா, இறங்குகிறதா என்று தெரியும்.

ரன்வேயின் இரண்டு பக்கத்தையும் சோதிக்க வேண்டும். கோவை ரன்வே 05/23, நீளம் 2,990 மீட்டர். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும்போது 23 திறக்கும், விமானங்கள் அவிநாசிப் பக்கமிருந்து வந்து இறங்கும். மார்கழியில் வாடை அடித்தால் 05. காற்றில்லாத வானிலையில் மட்டும் சோதித்துவிட்டு விட்டால், ஜூன் மாதத்து நிஜ வானிலையைப் போட்டதும் மறு நுனியில் ஹோல்ட் ஷார்ட் இல்லாதது அப்போதுதான் வெளியே வரும். வானிலையைக் கையால் 240 பாகை 15 நாட் என்று ஒருமுறை, 060 பாகை 10 நாட் என்று ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

9. நோயும் மருந்தும்

இறங்கியபின் மறைகிறது: பார்க்கிங் ஆரம் அல்லது எண்ணிக்கை. மூன்றாம் படி.

தோன்றவே இல்லை: டைட்டில் பொருந்தவில்லை, அல்லது சதவீதம், அல்லது கிழமை தவறு. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

நிற்கிறது, கிளம்பவில்லை: டாக்சிவே இணைப்பு.

ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிப் போகின்றன: ஹோல்ட் ஷார்ட் அருகில் இருக்கிறது, அல்லது இறங்கிய விமானம் வெளியேற வழி வெகு தூரத்தில் இருக்கிறது. இரண்டும் சரி என்றால் ஐந்து நிமிடத்துக்குள் மூன்று வரவு எழுதியிருப்பீர்கள். ஒற்றை ரன்வேயில் ஒரு வரவுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

தரைக்கு மேலே மிதக்கிறது அல்லது சக்கரம் புதைந்திருக்கிறது: நிலைய உயரம் இரண்டு ஃபைலில் இரண்டு விதமாக இருக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். சில மாடல்களில் மட்டும் என்றால் அது மாடலின் சக்கர உயரப் பிழை, நிலையத்தைத் தொட வேண்டாம்.

10. புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில்

ஆரம், வகை, கோட் மூன்றும் இங்கேயும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அட்டவணையைக் கையால் எழுதும் பாடு பெரும்பாலும் இல்லை. ஏ.ஐ.ஜி. அல்லது எஃப்.எஸ்.எல்.டி.எல். போன்ற தொகுப்புகள் மாடலும் லிவரியும் தந்து, தனி நிரல் மூலம் விமானங்களைச் சிம்முக்குள் செலுத்திவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரலை ஓட்டுங்கள். அதோடு சிம்மின் அமைப்புகளில் விமானப் போக்குவரத்தை ஆஃப் செய்யுங்கள். விட்டுவிட்டால் ஒரே விமானம் இரண்டு தடவை வரும், பார்க்கிங் பாதி நேரத்தில் நிரம்பும்.

இலவச ஏர்போர்ட் ஒன்றையும் வாங்கிய ஏர்போர்ட் ஒன்றையும் கம்யூனிட்டி ஃபோல்டரில் (கூடுதல் தொகுப்புகளை வைக்கும் ஃபோல்டர்) சேர்த்து வைக்காதீர்கள். பயன்படுத்தாததை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் போதும். சிம்முடன் வரும் நிலையங்களில் பார்க்கிங் ஆரம் நிஜத்தோடு ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். டெவலப்பர் மோடில் நிலையத்தைத் திறந்து ஏ320 நிற்க வேண்டிய ஒவ்வோர் இடமும் 18.5 இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிரலை ஓட்டுங்கள்.